திக்கற்ற பிள்ளையின் தாய்

திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பது திருச்சபையின் கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம் எந்த வசனத்தோடு முடிகிறது என்பதை ஞாயிறு பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆயினும் அவ்வசனத்தில் வரும் பிள்ளை யார், அப்பிள்ளையோடு சேர்த்துச் சொல்லப்படும் விதவை யார் என்று நாம் நின்று வினவியது மிகக் குறைவு.

எபிரெய மொழியில் ‘யாதோம்’ என்னும் சொல் தகப்பனை இழந்த பிள்ளையையே முதன்மையாகக் குறிக்கும். நிலவுரிமையும், ஊர்வாசலில் வழக்குரைக்கும் உரிமையும் தகப்பன் வழியாகவே வந்த சமுதாயம் அது. தாய் உயிரோடிருந்தாலும் அங்கே பிள்ளை திக்கற்றதே. ஆகவேதான் உபாகமத்திலும், ஏசாயாவிலும், எரேமியாவிலும் திக்கற்றவனும் விதவையும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றனர். புலம்பல் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் தகப்பனற்றுப்போன மக்கள் தங்கள் தாய்மாரை விதவைகளுக்கு ஒப்பிட்டு அழுவதும் இவ்வுறவை வெளிப்படுத்துகிறது. உதவி தேவைப்படும் இரு வகுப்பாரின் பட்டியலாக இதனை நாம் வாசித்து வந்தோம். பல இடங்களில் இவ்விருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்த தாயும் பிள்ளையுமே. யாக்கோபு போகச் சொல்வது அவ்வீட்டுக்கு. நாமோ பிள்ளையை மட்டும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இதனை நாம் நூல்களிலிருந்து முதலில் கற்கவில்லை. குருத்துவ அபிஷேகம் பெற்ற சில மாதங்களில், சேலம் பகுதியில் ஒரு சபையில் பணியாற்றினோம். ஆலயத்தை அடுத்துச் சிறுவர் விடுதி ஒன்று இருந்தது. அறுப்பின் பண்டிகை நாளன்று வெளிநாட்டு விருந்தினர் இருவர் வந்திருந்தனர். விடுதிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவன் தோளிலும் கைவைத்து, இவன் அநாதை, சபையே இவனுக்குத் தாயும் தகப்பனும் என்று நாம் அறிமுகம் செய்தோம். விருந்தினர் கண்கலங்கினர். நமக்கும் நிறைவாயிருந்தது. மாலையில், ஒன்பது வயதுடைய ஒரு சிறுவன் அலுவலக அறையின் வாசலில் வந்து நின்றான். கொல்லிமலையிலிருந்து வந்தவன்.

“ஐயா, எனக்கு அம்மா இருக்காங்க. மொளகு பறிக்கப் போயிருக்காங்க. நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க.”

அவன் குரலில் கோபம் இல்லை. கணக்கில் உள்ள ஒரு பிழையைத் திருத்தச் சொல்பவனைப் போல் நின்றான். விடுதிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். தாயின் பெயருக்குரிய இடம் வெறுமையாயிருந்தது. அவ்விடத்தில் எழுதத்தக்க பெயரை அவன் அறிந்திருந்தான். அவனிடம் எவரும் கேட்கவில்லை.

அச்சிறுவன் பிறந்த மலை தமிழ் மிஷனெரி வரலாற்றில் தனியிடம் பெற்றது. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாய், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பரந்து கிடப்பது கொல்லிமலை. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இன்று பேருந்து ஏறுகிறது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே நாடு நாடாகப் பிரிந்து வாழ்கின்றனர். சாமையும் மரவள்ளியும், பலாவும் மிளகும் அவர்தம் பயிர்கள். இம்மலையின் வாழவந்தி நாட்டில்தான் ஜெஸ்ஸி பிராண்டும் அவர்தம் துணைவியார் ஈவ்லினும் 1913ஆம் ஆண்டில் தங்கள் இல்வாழ்வைத் தொடங்கினர். கண்டிப்பான பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்தவர்கள். மலைக்காய்ச்சல் மிகுந்திருந்த காலம் அது. மருந்து கொடுத்தனர், பள்ளி வைத்தனர், தச்சும் நெசவும் கற்பித்தனர், பெற்றோரற்றுக் கைவிடப்பட்ட குழந்தைகளைத் தங்கள் பொறுப்பில் ஏற்று வளர்த்தனர்.

1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இம்மலையையும் விட்டுவைக்கவில்லை. பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராய்ச் சுமந்து சென்றனர். அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்த கோயில் பூசாரியும் நோயில் விழுந்தார். அவருடைய சுற்றத்தார் அஞ்சி விலகியபோது, இவ்விருவரே அவர் குடிசைக்குள் சென்று பணிவிடை செய்தனர். சாகுந்தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்புவித்தார் என்று அவர்களைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மலையில் அதுவரை திறவாதிருந்த வாசல்கள் அதன்பின் திறந்தன.

இந்நிகழ்ச்சியை மிஷனெரி கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம், நாமும் பிரசங்கித்திருக்கிறோம். எதிரி நண்பனானான், நற்செய்திக்கு வழி பிறந்தது என்றே அக்கதை முடியும். சாகும் தகப்பன் ஒருவன் தன்னால் நம்பத்தக்கவர் யார் என்று தேர்ந்துகொண்டான் என்பது பெரிய காரியமே. அத்தேர்வை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் கதையின் நடுவே கையளிக்கப்பட்ட பிள்ளைகளின் பக்கமிருந்து அதை எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. தகப்பனை இழந்த அவ்வாரத்தில் அவர்கள் ஊரையும், தெய்வத்தையும், உறவையும், உணவையும் இழந்தார்கள். திறந்த வாசல்களின் கணக்கில் அவ்விழப்பு எழுதப்படவில்லை. இதனைக் கூறுவதால் பிராண்டு தம்பதியரின் அன்பு குறைந்துவிடாது. அந்த அன்பின் விலையில் ஒரு பங்கு பிள்ளைகளாலும் செலுத்தப்பட்டது என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

வியப்பு யாதெனில், அவ்விலையைத் தம் சொந்தப் பிள்ளைகள் வழியாகவே பிராண்டு தம்பதியர் அறிய நேர்ந்தது. அவர்களுடைய மகன் பால் 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிறந்தார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவத்தால் உலகப் புகழ்பெற்ற பால் பிராண்டு இவரே. ஒன்பது வயதாகும்வரை மரமேறி, கறையான் புற்றை ஆராய்ந்து, மலைச்சிறுவரோடு தமிழ் பேசி வளர்ந்தவர். 1923இல் பெற்றோர் அவரையும் அவர் தங்கையையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, இலண்டன் நகரில் தாயின் சகோதரிகள் வீட்டில் படிப்பிற்காக விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். அந்நாளில் மிஷனெரிகளிடையே அது வழக்கம், குறை சொல்வாரில்லை. இன்றைய மொழியில் கூறினால், பால் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்ட வளர்ப்புப் பிள்ளை.

அவ்வீட்டில் அவருக்கு எதிலும் குறைவில்லை. பெரியம்மா, சித்திமார் அன்புடையவர்கள். ஆயினும் அவரைத் தாங்கியது, மலையிலிருந்து தகப்பனார் வாரந்தோறும் எழுதிய கடிதங்களே. உபதேசம் மட்டும் நிறைந்த கடிதங்கள் அல்ல அவை. மலையில் தாம் கண்ட மரமும் பூச்சியும் பறவையும் அவற்றில் இருந்தன. பிள்ளை பிரிந்து வந்த இடம் இன்னும் அங்கேயே இருக்கிறது, அவனும் அவ்விடத்துக்கு உரியவனே என்பதை அக்கடிதங்கள் வாரந்தோறும் உறுதிசெய்தன. 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்டு கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். செய்தி தந்தியில் வந்தது. கப்பலிலோ, இறக்குமுன் அவர் எழுதிய கடிதங்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயது நிரம்பாத மகன் இறந்த தகப்பனின் கடிதங்களைப் பிரித்து வாசித்தார். 1923இல் பிரிந்தபின் தகப்பனை அவர் காணவேயில்லை. பின்னர் தாயார் இங்கிலாந்து வந்தபோது, கூனிக் குறுகி நரைத்து நின்ற அம்மையாரைத் தம் தாயென்று நம்ப முடியாமல் மகன் திகைத்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

நல்லோர் வீட்டில், நல்லுணவோடு, நற்கல்வியோடு வளர்ந்த பிள்ளைக்கே பிரிவு இத்தகையதாயின், நாமறிந்த மலைச்சிறுவன் நிலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பாலுக்குக் கடிதம் வந்தது, அவனுக்கு வரவில்லை. அவன் தாய்க்கு எழுதத் தெரியாது. எழுதித்தர ஆயர் ஒருவர் இருந்தார். அவர் அறுப்பின் பண்டிகைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

இங்கே ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்னும் தொடரை விளக்குவது பொருத்தமாகும். தத்தெடுத்தல் வேறு, இது வேறு. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பழைய குடும்பத்தோடுள்ள சட்ட உறவு நீங்கிப் புதிய குடும்பமே குடும்பமாகிறது. வளர்ப்புப் பராமரிப்பிலோ பிள்ளை பிறந்த குடும்பத்தின் பிள்ளையாகவே இருந்துகொண்டு, நெருக்கடி தீருமட்டும், அல்லது பெரியவனாகுமட்டும், மற்றொரு குடும்பத்தின் வீட்டில் வளர்கிறது. இந்தியக் கிறிஸ்தவர்கள் இவ்வேறுபாட்டை நடைமுறையில் நீண்டகாலம் அறிந்தவர்கள். 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கே உரியதாயிருந்தது. கிறிஸ்தவத் தம்பதியர் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்கீழ்ப் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின்னரே எம்மதத்தினரும் தத்தெடுக்கும் வழி பிறந்தது. 2014இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

இன்று நடைமுறையிலுள்ள 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தன் மூன்றாம் பிரிவில் சில அடிப்படை நெறிகளை வகுக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் கண்ணியத்தோடும் மதிப்போடும் நடத்தப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பிள்ளையைப் பேணும் முதற்பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கே உரியது என்பதும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும், பிள்ளையை இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தலாகாது என்பதும் அங்கேயே உள்ளன. நாற்பத்து நான்காம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக்குழுவே பிள்ளையை வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கும் அதிகாரமுடையது. உடன்பிறந்தாரைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க முயல வேண்டும். பெற்றோர் வந்து பார்க்க, பிள்ளையின் நலனுக்கு ஊறில்லையாயின், குழு அனுமதிக்கலாம். மாதந்தோறும் குழு அக்குடும்பத்தை ஆய்வு செய்ய வேண்டும். குறை காணின் பிள்ளையை வேறு குடும்பத்துக்கு மாற்ற வேண்டும். 2024இல் திருத்தி வெளியிடப்பட்ட நெறிமுறைகள், திருமணமாகாதோரும் வாழ்க்கைத் துணையை இழந்தோரும் வளர்ப்புப் பெற்றோராக வழிவகுத்துள்ளன. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு இடமுண்டு. அத்தொகை வளர்ப்புக் குடும்பத்துக்கு மட்டுமன்றி, வறுமையில் வாடும் சொந்தத் தாயும் உறவினரும் பிள்ளையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவும் வழங்கத்தக்கது.

இந்த இறுதிக்குறிப்பைச் சபைத் தலைவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகள், வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றன. நம் விடுதிகளில் எத்தனை பிள்ளைகள் வறுமையைத் தவிர வேறு காரணமின்றி இருக்கின்றனர் என்று ஒவ்வொரு விடுதிக் காப்பாளரும் தம் பதிவேட்டைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். ஒரு பிள்ளையை விடுதியில் வைத்து உண்பிக்கத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கைத் தாய்க்குக் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே வளருமா என்று கேட்டிருக்கிறோமா? தாய்க்குக் கொடுத்த பணத்துக்குப் புகைப்படம் எடுக்க இயலாது என்பது ஒரு இடையூறுதான்.

1918க்கு நூறாண்டு கழித்து மற்றொரு கொள்ளைநோய் வந்தது. 2021இல் கொரோனாத் தொற்றால் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. உறவினரோ பாதுகாவலரோ வளர்க்கும் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 3,000 ரூபாய் எனவும் அறிவித்தது. பாட்டியும் தாய்மாமனும் சித்தியும் பிள்ளையை வைத்துக்கொள்ளத் தயங்குவது பெரும்பாலும் அன்புக் குறையால் அன்று, அரிசிக் குறையால் என்பதை அரசு உணர்ந்திருந்தது. கொல்லிமலைப் பூசாரியின் சுற்றத்தாருக்கு அத்தகைய உதவி கிட்டியிருப்பின் அப்பிள்ளைகளின் கதை வேறாக அமைந்திருக்கக்கூடும்.

குடும்பம் ஏன் இத்துணை முக்கியம் என்று வினவுவோர்க்கு ஒரு சான்று தருவோம். 2000ஆம் ஆண்டையொட்டி ருமேனிய நாட்டின் தலைநகர் புக்காரெஸ்டில் ஆய்வு ஒன்று தொடங்கியது. இல்லங்களில் வாழ்ந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியினர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்டனர். மறுபாதியினர் அன்றைய வழக்கப்படி இல்லப் பராமரிப்பில் தொடர்ந்தனர். அறிவு வளர்ச்சியிலும், பிறரோடு பற்றுக்கொள்ளும் திறத்திலும் குடும்பத்துக்குச் சென்றவர்கள் முன்னேறினர். இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் மிகுதியாக முன்னேறினர். ஊட்டுவதற்கும் உடுத்துவதற்கும் இல்லத்திலும் ஆட்கள் உண்டு. அழும்போது ஒவ்வொரு முறையும் அதே முகம் குனிந்து பார்ப்பது வீட்டில்தான் எளிதாக நிகழ்கிறது.

இதனை நம் நாட்டில் சிலர் ஆய்வுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். நெல்லைச் சீமையில் தோனாவூரில் 1901 முதல் ஏமி கார்மைக்கேல் அம்மையார் நடத்திய பணியில், பிள்ளைகளைப் பேணிய பெண்கள் அக்காள் என்றும் சித்தி என்றும், ஆடவர் அண்ணாச்சி என்றும் அழைக்கப்பட்டனர். காப்பாளர், மேற்பார்வையாளர் என்னும் பெயர்கள் அங்கே வேரூன்றவில்லை. பிறந்த நாள் அறியாத பிள்ளைகளுக்கு அவர்கள் வந்து சேர்ந்த நாளே ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. வந்து சேர்ந்ததை ஒரு பிள்ளை வெட்கப்பட வேண்டியதாகக் கருதாமல் விழாவாகக் கருதச் செய்தது நுண்ணிய அறிவு. அக்காலத்து ஆபத்துக்களை எண்ணிப் பிள்ளைகளை உறவினரிடமிருந்து ஒதுக்கி வைத்தனர். அதனை இன்று நாம் பின்பற்றத் தேவையில்லை.

திருமறைக்குத் திரும்புவோம். வளர்ப்புப் பிள்ளைகளின் கதைகள் அதில் பல உண்டு. எஸ்தரை வளர்த்தவர் உறவினரான மொர்தெகாய். நம் ஆண்டவரே யோசேப்பின் வீட்டில் வளர்ந்தவர். இவற்றுள் மோசேயின் கதை தனிச்சிறப்புடையது. யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தில் பார்வோனின் மகள் நாணற்பெட்டியிலிருந்து எடுத்த குழந்தை எபிரெயக் குழந்தை என்று அறிந்தே எடுக்கிறாள். குழந்தையின் தமக்கை குறுக்கிட்டு, பாலூட்டப் பெற்ற தாயையே அழைத்து வருகிறாள். அரசகுமாரி அத்தாய்க்குக் கூலி தருகிறாள்! பெற்றவளிடம் பிள்ளையை வளர்க்கக் கொடுத்து, அதற்கான செலவையும் தான் ஏற்ற இப்பெண்ணைப் போல் நடந்துகொள்ளும் தயாள நெஞ்சினர் இன்றும் அரியர். பிள்ளை பெரிதானபின் அரண்மனைக்கு வந்தது. ஆனால் வளர்ந்த மோசே தன் சகோதரரிடத்திற்குப் போய் அவர்கள் சுமையைப் பார்த்தான் என்று அதிகாரம் தொடர்கிறது. அவர்கள் தன் சகோதரர் என்பதை அவன் எங்ஙனம் அறிந்தான் என்று வேதம் விளக்கவில்லை. பாலூட்டிய ஆண்டுகளில் அவன் தாய் அவனுக்குச் சொல்லியிருப்பாள் என்று கொள்வதில் தவறில்லை. அரண்மனையில் வளர்ந்தவன் தன் முதல் வீட்டை மறந்திருந்தால் யாத்திராகமம் என்றொரு நூலுக்கே இடமிருந்திராது.

சாமுவேலின் கதையில் வேறொரு நுட்பம் உண்டு. அன்னாள் ஆண்டுதோறும் சீலோவுக்குப் போகும்போது மகனுக்குச் சிறு சட்டை ஒன்றைத் தைத்துக் கொண்டுபோனாள் (1 சாமுவேல் 2:19). ஆண்டில் ஒருமுறை மட்டும் காணும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தாய் அளவெடுக்க முடியாது. சென்ற ஆண்டு விலாவுக்கு எட்டியவன் இப்போது தோளுக்கு எட்டியிருப்பான் என்று மனத்தால் அளக்க வேண்டும். ஆலயத்தில் அவனுக்கு சணல்நூல் ஏபோத்து இருந்தது, உடைக்குக் குறைவில்லை. ஆயினும் தாயின் சட்டையை ஏலி தடுக்கவில்லை. தன் சொந்த மக்களை வளர்ப்பதில் தவறிய ஏலி இந்த ஒன்றில் தவறவில்லை என்பதைக் காண்கையில் அம்முதியவர்மேல் நமக்குச் சற்று இரக்கம் பிறக்கிறது.

தமிழ் மரபு இவ்விரு தாயரையும் நன்கு அறியும். சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவருக்கும் தனித்தனியே பேச இடமுண்டு. தலைவனோடு சென்றுவிட்ட மகளைப் பாலை வழியில் தேடிப் போகிறவள் செவிலியே. பெரியாழ்வார் யசோதையின் நாவாக நின்று கண்ணனைத் தாலாட்டினார். குலசேகர ஆழ்வாரோ தேவகியாக நின்று, தான் பெற்ற பிள்ளையின் குழந்தைப் பருவத்தைக் காணக் கொடுத்துவைக்காததை எண்ணிப் புலம்பினார். வளர்த்தவளின் மகிழ்ச்சிக்காகப் பெற்றவளின் அழுகையை அம்மரபு அடக்கவில்லை. நம் விடுதிகளின் ஆண்டறிக்கைகளில் தேவகியின் குரலுக்கு ஒரு வரியேனும் உண்டா?

இனி நடைமுறையில் சிலவற்றைக் கூறுவோம். ‘அநாதை’ என்னும் சொல்லைப் பிள்ளையின் காதுபடச் சொல்வதை நிறுத்துவது எளிது. பலர் நிறுத்தியும் விட்டனர். புகைப்படத்தை நிறுத்துவதே கடினமாயிருக்கிறது. பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி முதலிய அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் எழுபத்து நான்காம் பிரிவு தடைசெய்கிறது. அதற்குத் தண்டனையும் உண்டு. காணிக்கை வேண்டி அச்சிடும் ஜெபஅட்டைகளில் பிள்ளையின் முகத்தையும், தகப்பன் குடித்ததையும், தாய் ஓடிப்போனதையும் போடுகிறோமே, அவ்வட்டை பத்தாண்டு கழித்து அப்பிள்ளையின் கையில் கிடைத்தால் என் செய்வான்? நம் சொந்த மகளின் துயரத்தை அங்ஙனம் அச்சிடுவோமா?

நன்றியைக் கேட்டு வாங்குவதும் இதைப் போன்றதே. சொந்தப் பிள்ளை சோறு பிடிக்கவில்லை என்று முகம் சுளித்தால் தாய் சிரிக்கிறாள். வளர்ப்புப் பிள்ளை சுளித்தால் நன்றி கெட்டவன் என்கிறோம். வீட்டில் முகம் சுளிக்க உரிமை பெற்ற பிள்ளையே அவ்வீட்டுப் பிள்ளை. வளர்ப்புக் குடும்பமாக முன்வருவோருக்கு நாம் சொல்வது இதுவே: முதல் ஆறு மாதம் பிள்ளை பொய் சொல்லலாம், படுக்கையை நனைக்கலாம், தட்டிலுள்ள சோற்றை எடுத்து மறைத்து வைக்கலாம். நாளைக்கும் சோறு உண்டு என்பதை வாயால் சொன்னால் நம்பாது. நாளையும் மறுநாளும் சோறு வந்துகொண்டேயிருந்தால் ஒருநாள் மறைப்பதை நிறுத்திவிடும்.

மதத்தைப் பற்றிய கேள்வியையும் ஒளிக்காமல் எதிர்கொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. குடும்பத்தைப் பிரிந்த பிள்ளையின் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று அதன் இருபதாம் உறுப்பு கூறுகிறது. மலையாளிப் பழங்குடிப் பிள்ளை ஒன்று நம் வீட்டில் வளருமாயின், அதன் ஊர்த் திருவிழாவுக்கு அதனை அனுப்புவோமா? நம் சபையாரில் பலர் தயங்குவர்; அத்தயக்கம் நமக்குப் புரியாததன்று. நம் வீட்டில் நாம் ஜெபிப்பதைப் பிள்ளைக்காக மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேறு போக்கிடம் இல்லாத ஒருவனிடமிருந்து பெறும் ஒப்புதல் விசுவாசமாகுமா என்பதை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்யும் ஒவ்வொரு ஆயரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தாயின் தெய்வத்தை இகழ்ந்து தாயின் பிள்ளையை மதிக்க இயலாது.

யாக்கோபு பயன்படுத்தும் ‘விசாரித்தல்’ என்னும் வினை கிரேக்க மூலத்தில் ‘எபிஸ்கெப்டொமாய்’ என்பது. நேரில் சென்று கண்டு நலம் நோக்குதல் என்று பொருள்படும். பேராயரைக் குறிக்கும் ‘எபிஸ்கொபொஸ்’ என்னும் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. மாதந்தோறும் வளர்ப்புக் குடும்பத்தைச் சென்று காண வேண்டும் என்று இந்தியச் சட்டம் விதிக்கும்போது, சபையின் பழைய கடமை ஒன்றையே அது நமக்கு நினைவூட்டுகிறது. அலுவலர் மாதம் ஒருமுறை வருவர். அதே தெருவில் வாழும் சபையார் கிழமை தோறும் செல்லலாம். வளர்ப்புத்தாய்க்குக் காய்ச்சல் வந்தால் ஒருவேளை கஞ்சி கொண்டுபோகலாம். பெற்ற தாய் மலையிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தால், பேருந்துக்குப் பணமும் ஓரிரவு தங்க இடமும் கொடுக்கலாம். இவற்றுக்கு இல்லக் கட்டடம் வேண்டியதில்லை. அடிக்கல் நாட்டும் விழாவும் இல்லை. அதனால்தானோ என்னவோ இவை நம் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பிராண்டு தம்பதியர் காலத்தில் சாகும் தகப்பன் சொன்ன சொல் போதுமானதாயிருந்தது. இன்று ஆயர் ஒருவர், நன்னோக்கத்தோடேயாயினும், கைவிடப்பட்ட பிள்ளையைத் தாமே வைத்துக்கொள்ளவோ விசுவாசி ஒருவரிடம் கொடுக்கவோ கூடாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 1098 என்னும் எண்ணுக்கோ, காவல்நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக்குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும். பதிவு பெறாத இல்லம் நடத்துவதும் குற்றமே. சட்டம் பணிக்கு இடையூறு என்று முறையிடும் சகோதரர்கள் உண்டு. பிள்ளைகளைத் தனியார் கையில் ஒப்படைத்துக் கண்காணிக்காமல் விட்டதால் விளைந்த தீங்குகளை அறிந்தவர்கள் அங்ஙனம் முறையிடமாட்டார்கள்.

ஜெஸ்ஸியின் மறைவுக்குப்பின் ஈவ்லின் அம்மையார் இந்தியாவுக்குத் திரும்பினார். பணி ஓய்வு பெற்றபின் முதுமையில் மீண்டும் மலைகளுக்கே ஏறி, 1974இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறையும்வரை மலைமக்களிடையே வாழ்ந்தார். வாழவந்தியில் கணவர் கல்லறைக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் இறையியல் மாணவர் சிலரோடு நாம் அங்கே சென்றோம். திரும்பும் வழியில், பழைய விடுதிச் சிறுவனின் ஊரை விசாரித்து அடைந்தோம். அவன் இப்போது திருப்பூரில் தையல் தொழில் செய்கிறான், இரு பிள்ளைகளின் தகப்பன். தாய் மட்டும் வீட்டிலிருந்தார். நம்மை யாரென்று சொன்னதும் உள்ளே சென்று, தகரப்பெட்டியிலிருந்து ஒரு காகிதக்கட்டை எடுத்து வந்தார். அறுப்பின் பண்டிகைக்குப் பின்வந்த ஆண்டுகளில், மாதம் ஒருமுறை, சிறுவன் சொல்லச் சொல்ல நாம் எழுதி அனுப்பிய அஞ்சலட்டைகள் அவை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஊர்ப் பள்ளி ஆசிரியர் வாசித்துக் காட்டினாராம். அட்டைகளின் எண்ணிக்கையை அவர் அறிந்திருந்தார். முப்பத்தொன்று. இரண்டு மாதம் வராமல் போனதையும் நினைவில் வைத்திருந்தார். அவை எந்த மாதங்கள் என்று சொல்லி, ஏன் வரவில்லை என்று நம்மைக் கேட்டார்.